அண்ணி சமையல்

புதுச்சேரி – கடலூர், நாளுக்கு ஆறு நடை.
அரியாங்குப்பம் பாலத்தில் ஒருநாள்
பிரேக் எங்கே என்று காலுக்கு ஒரு நொடி தெரியவில்லை.
இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்:
சாப்பிட்டபின் இருநூற்று எண்பத்தாறு.

அன்று மாலையே அமலோற்பவம் நேரு வீதிக்குப் போய்
அரைக் கிலோ கினோவா வாங்கி வந்தாள்.
விலைச் சீட்டை நகத்தால் சுரண்டியிருந்தாள்.
ஒரு நான்கின் கொம்பு மட்டும் மிச்சம்.

முதல் நாள் களையாமல் உலையில் போட்டாள்.
கசப்பு.
மறுநாள் ஆறு தண்ணீர் மாற்றினாள்,
பூந்திக்கொட்டை ஊறவைத்த நுரை ஒவ்வொன்றிலும்.
கழுநீர் குடிக்க வரும் பக்கத்து வீட்டுப் பசு
வாளியை முகர்ந்து, என்னை ஒருமுறை பார்த்து,
முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நார் இருக்கு, புரதம் இருக்கு,
சோறு மாதிரி குபீர்னு ஏத்தாது,
மெதுவாத்தான் ஏறுமாம்" என்றாள்.
என் வண்டியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

சங்கடம் நாக்கில் இல்லை, கையில்.
ஐம்பத்திரண்டு வருஷம் சோறு பிசைந்த கை.
இது பிசைபடாது, உருளாது.
வஞ்சிரக் குழம்பை ஊற்றினால்
குழம்பு ஒரு பக்கம், இது ஒரு பக்கம்,
பேச்சு விட்டுப்போன பங்காளிகள்.

ஆகவே கடலூர் பேருந்து நிலையத்தில்
என் டப்பா கண்டக்டர் கலியமூர்த்திக்கு.
எதையும் தின்பான், கேள்வி கேட்கமாட்டான்.
எனக்கு இரண்டு பரோட்டா. சால்னாவுக்குக் கணக்கில்லை.
இருபத்து மூன்று நாள்.

அவளும் விடவில்லை.
கடுகு வெடிக்கவிட்டு எலுமிச்சை பிழிந்து ஒரு நாள்,
முருங்கைக்கீரை உருவிப் போட்டு ஒரு நாள்,
ஒரு சனிக்கிழமை இறால்.
அந்த வாசனைக்குத்தான் மூடியைத் திறந்தேன்.
வெந்த மணி ஒவ்வொன்றின் மேலும்
அவிழ்ந்து நின்றது ஒரு வெள்ளைச் சுழி,
கலியமூர்த்தி டிரிப் ஷீட்டின் தலையில் போடுவானே
பிள்ளையார் சுழி, அது மாதிரி.
இறாலைப் பொறுக்கிக்கொண்டு டப்பாவைக் கொடுத்தேன்.

டெப்போவில் முகாம்.
வரிசையில் எனக்கு முன்னால் அவன்.
போன தடவை இருநூற்றுப் பத்து, இப்போது நூற்று அறுபத்தொன்று.
எனக்கு முந்நூற்று நான்கு.
"அப்படி என்னதான் சாப்பிடுறீங்க?" நர்ஸ் அவனைக் கேட்டாள்.
பாவி, டெப்போவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்:
"அண்ணி சமையல்."
(வடையை விட்டதும் காரணமாக இருக்கலாம்.
அதை அவன் சொல்லவில்லை.)

வீட்டில் நான் வாய் திறக்குமுன் அவளே:
"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து
அடியில ஒரு வாய் மிச்சம் வைக்காம
நீ எழுந்ததே இல்ல.
டப்பா வழிச்சித் துடைச்சி வந்தப்பவே தெரியும்."
கத்தவில்லை. அதுதான் பயம்.

மறுநாள் பையில் இரண்டு டப்பா.
என்னுடையதில் கால் பங்கு சோறு கலந்திருந்தது,
கை பிடித்துக்கொள்ளட்டும் என்று.
கெடிலம் பாலம் தாண்டி, வண்டியை நிறுத்தி,
முதல் கவளத்தை உருட்டிப் பார்த்தேன்.
ஏதோ நின்றது.

பரோட்டா மாஸ்டர் கல்லை இரண்டு தட்டு தட்டினார்.
அது எனக்குத்தான்.
கலியமூர்த்தி நிமிராமல் தின்றுகொண்டிருந்தான்.