இறுக்கை இலக்கம்

பணப்பையின் பின்னறையில்
அந்த ரிக்கற் வெள்ளையாகிவிட்டது.
சூட்டில் எழுத்து வருகிற கடதாசி,
கொழும்புச் சூட்டுக்கு எத்தனை நாள் தாங்கும்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்
ஒரு 8 மட்டும்,
நத்தை போன தடம் மாதிரி.

ஆகவே நானே அடிக்கிறேன்.

மலிபன் வீதியில் பிறிஸ்ரல் போட் இரண்டு தாள்.
வெள்ளை வேண்டாம், பால்தேத்தண்ணி நிறம் இருக்கா என்றேன்.
கலியாணக் காட்டா, தம்பி?
இல்லை, படம் பார்க்க.
மேலும் கீழும் பார்த்துவிட்டு
மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணித் தந்தார்.

வெள்ளவத்தை, நாலாம் மாடி, இரவு பதினொன்று.
கடற்கரை ரயில் போகும்போது மேசை நடுங்கி
நான் இழுத்த கோடு ஒரு மயிரிழை விலகியது.
விட்டுவிட்டேன்.
அச்சகத்துக்குப் பக்கத்திலும் ரயில் ஓடியிருக்கலாம்.

மூன்று மொழியிலும் போட வேண்டுமல்லவா.
சிங்களம் கட்டம் கட்டமாக வந்தது.
இரண்டாம் மாடி ஹசந்திகாவுக்குப் படமெடுத்து அனுப்பினேன்,
பரீட்சைக்கு விழித்திருந்த பிள்ளை
ஒரு கொம்பை இடம் மாற்றித் தந்தாள்.
அவர்களுக்கும் கொம்பு உண்டு,
அவர்களுடையதும் தவறுகிறது.
ஆங்கிலம் தானாகவே சரியாக வந்தது,
அது எப்போதும் அப்படித்தான்.
தமிழும் சரியாக வந்தது.
அங்கேதான் பிரச்சினை.
இந்த நகரத்தில் அச்சான தமிழ்
பிழையில்லாமல் நின்றால் யார் நம்புவார்கள்?
பஸ் தரிப்பில், வங்கிப் படியில், மலசலகூடக் கதவில்
ஓர் எழுத்தாவது வழுக்கியிருக்கும்.
யோசித்து,
இருக்கையை இறுக்கை ஆக்கினேன்.
உடனே உயிர் வந்துவிட்டது.

கட்டணத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.
அன்றைய விலைக்கு இன்று சோளப்பொரியின் பெட்டியும் வராது.
அன்றையதையே போட்டு
கேளிக்கை வரி உட்பட என்று
எறும்பெழுத்தில் சேர்த்தேன்.
யாருக்கும் கட்டாத வரியை எழுதுவதில் ஒரு சுகம்.

பிறின்ரரில் நீலம் தீர்ந்திருந்தது.
நீல ஓரம் ரோசாவாக இறங்கியது.
ஒரு மைக்குப்பி எங்கள் ஒரு கிழமை மீன்காசு,
ரோசாவே இருக்கட்டும்.

கிழிக்கிற கோட்டுக்கு உன் தையல் மெசின்.
நூலைக் கழற்றிவிட்டு வெறும் ஊசியை ஓட்டினேன்.
டக டக டக.
நீ எழும்பி வந்தாய்,
இந்த நேரத்தில் என்ன தைக்கிறீங்கள் என்று.

வாங்கி, லைற்றுக்குக் கீழே பிடித்தாய்.
நாளெல்லாம் விடைத்தாள் திருத்துகிற கை,
சிவப்புப் பேனை எப்படித்தான் வந்ததோ.
இறுக்கை, என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாய்.
நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.
"சரிதானே,
அண்டைக்கு இறுக்கமாத்தான் இருந்தனாங்கள்,
ஒரு கைப்பிடிக்கு ரெண்டு முழங்கை."
எழுத்தைத் தொடவில்லை.
இலக்கத்தை வெட்டினாய்.
"எங்கட பத்தும் பதினொண்டும்."

அப்ப அந்த எட்டு?

"அது திகதி.
இடைவேளையோட லைற்றைப் போட்டு
ஊரடங்கு எண்டு எழுப்பி அனுப்பினவங்கள்.
மறந்துபோச்சோ?"

மறந்துதான் போயிருந்தேன்.
காலி வீதி முழுக்க நடந்தது,
கடைக் கதவுகள் ஒவ்வொன்றாய் விழுந்த சத்தம்,
நீ பாதிப் பெட்டி சோளப்பொரியை
வீடு வரைக்கும் விடாமல் பிடித்திருந்தது,
இப்போது ஒவ்வொன்றாக வந்தன.
அந்த ரிக்கற்றில் பாதிதான் செலவாகியிருக்கிறது.

சிவப்பில், வரிக்கு மேலே எழுதினாய்:
இடைவேளைக்குப் பிறகு மட்டும்.
பிறகு வாசலில் நிற்கிறவனைப் போல
முகத்தைப் பார்க்காமலே
ஊசித்துளை வழியே கிழித்து
என் பாதியை என்னிடம் தந்தாய்.
அச்சொட்டாக அதே சத்தம்.

படத்தின் பெயருக்கு இடம் விட்டிருந்தேன்,
உன்னைக் கேட்டு எழுதலாமென்று.
நீ கனநேரம் யோசித்தாய்.
கீழே கடைசி பஸ் போனது.

"அதில ஒரு நாய் வரும்," என்றாய்.