ஒருவேளை

வூப்பர்ட்டாலில் ரயிலே தொங்கிக்கொண்டுதான் போகும்.
அதனால் என் கார் தொங்குவதை
யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எஞ்சின் இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை.
சக்கரம் இருக்கவேண்டிய நான்கு இடத்திலும் காற்று.
முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் கோத்த
வெறும் தகரக் கூடு.
ஒற்றைக் கையால் திருப்பலாம்:
இப்போது முதுகு, இப்போது வயிறு.

ஓப்பல் ஜிடி, எழுபத்தோராம் வருடத்து வண்டி.
டிக்கிக்குக் கதவே வைக்காதவர்கள்
முகப்பு விளக்குக்கு மட்டும்
கியர் பக்கத்தில் ஒரு நெம்புகோல் வைத்தார்கள்.
தள்ளினால் இரண்டு கண்ணும்
ஒரே பக்கமாகப் புரண்டு விழிக்கும்.

விற்றவள் பெயர் மெக்டில்ட்.
கூடவே பதினேழு வாழைப்பழப் பெட்டிகள் தந்தாள்.
“என் கணவர் எதையும் பிரிப்பார்.
சேர்ப்பதுதான் அவருக்கு வராது.
தொண்ணூற்று நாலில் இந்த வண்டி,
தொண்ணூற்றைந்தில் நாங்கள்.”
பணத்தை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டாள்.

நான் எண்ணுகிறவள்.
மருத்துவமனை நிலவறையில் இரவுப் பணி.
அறுவைக் கருவிகளைக் கழுவி, ஆவியில் வைத்து,
தட்டில் அடுக்கி மேலே அனுப்புவேன்.
இடுக்கி பதினாறு போனால் பதினாறு வரவேண்டும்.
ஒன்று குறைந்தால்
வயிற்றை மூடமாட்டார்கள்.

பெட்டிகளுக்குள் சின்னச் சின்னப் பைகள்.
ஒவ்வொன்றிலும் பென்சிலால் அந்த மனிதரின் கையெழுத்து.
முதல் பெட்டியில் பொறுமை இருந்தது:
‘இடது கதவு, மேல் கீல், மூன்று திருகு, நீளமானது கீழே.’
ஆறாவதில், ‘கதவு.’
பன்னிரண்டாவதில், ‘முக்கியம்!’ அவ்வளவுதான்.
பதினேழாவதின் அடியில்
நான்கு வாஷர், ஒரு சுருள்வில்,
ஒரு கறுப்பு ரப்பர் வளையம்.
மேலே, ‘ஒருவேளை.’

குளிர்காலம் முழுக்கத் துருவோடு போயிற்று.
திருப்புளியால் தட்டினால் நல்ல தகடு டிங் என்னும்.
உளுத்தது பேசாமல் வழிவிடும்.
இடது கதவுக்கு அடியில்
முழங்கை வரை உள்ளே போனது கை.
யாரோ செய்தித்தாளைத் திணித்து
மேலே தார் பூசியிருந்தார்கள்.
வாசித்துப் பார்த்தேன்:
பாதிக் கால்பந்துத் தோல்வி, ஒரு சோபா விற்பனைக்கு.
பிறகு வெட்டினேன்.

பக்கத்துக் கராஜில் படகு வைத்திருக்கும் டீத்மார்
வெல்டிங் முகமூடியை இரவல் தந்தார்.
என் முதல் ஒட்டைக் குனிந்து பார்த்து
“கோழி எச்சம்” என்றார்.
பங்குனியில் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா தொலைபேசியில் கேட்டாள்:
“ஓடுற கார் ஒண்டு வாங்கேலாதோ?”
வாங்கலாம்.
அதற்குள் என்ன திணித்திருக்கிறார்கள் என்று
எனக்குத் தெரியாதே.

கறுப்பைச் சுரண்டினால் வெள்ளை,
வெள்ளைக்கு அடியில் செங்காவி.
டாஷ்போர்டின் முதுகில், ஒருவர் கையும் படாத இடத்தில்
கட்டைவிரல் அளவுக்கு எலுமிச்சை மஞ்சள்.
அதையே முழுக்க அடித்தேன்.

ஆனியில் எல்லாப் பையும் காலி.
ஒன்றைத் தவிர.
இரண்டு தடவை பாதி வண்டியைத் திரும்பப் பிரித்தேன்.
வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினேன்.
தூக்கம் வரவில்லை.
கடைசியில் மெக்டில்டிடம் எண் வாங்கி
பிரேமர்ஹாஃபனுக்குப் போன் போட்டேன்.

நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.
“ஓடுகிறதா?”
ஓடுகிறது.
“அந்த வருடம் சலவை இயந்திரத்தையும் பிரித்தேன்” என்றார்.
“ஒருவேளை அதுவாக இருக்கும்.”

பரிசோதகர் கதவடியைச் சுத்தியால் தட்டினார். டிங்.
முத்திரை குத்தினார்.

அன்று மாலை ஃபோவிங்கலில்
தலைக்கு மேலே ரயில் தொங்கிப் போக
கீழே மஞ்சளாய் நான்.
இருட்டியதும் நெம்புகோலைத் தள்ளினேன்.
வலது கண் விழித்தது.
இடது கண் பாதி புரண்டு
யாரையோ ஜாடையாய்ப் பார்த்தபடி நின்றுவிட்டது.

இருக்கைக்குப் பின்னால்
அந்தப் பை கிலுங்கியது.