கல்லில் நார்

அறுபது வீடு, ஐந்து மாடி, நான்கு வாசல்.
ரெசெக்னே நகரில் இதை எவரும்
அழகென்று சொன்னதில்லை.
என்னைச் சங்கச் செயலாளராகத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு
ஏழு பேர் வந்திருந்தார்கள்.
நான் தேநீர் போட எழுந்துபோன நேரம் அது.

முப்பத்தொரு கையெழுத்து விழுந்தால்
வங்கி கடன் தரும்,
கட்டடத்துக்குப் போர்வை போர்த்தலாம்.

ஐந்தாம் மாடி, வடக்கு மூலை. மோனிகா
பேனாவைப் பிடுங்காத குறை.
ஜனவரியில் அவள் சுவரின் உள்பக்கமே
பனி பூக்கும்.
சின்னவன் ராய்விஸ் அதில் நகத்தால்
பெயர் எழுதுவான்.
மதியத்துக்குள் பெயர் ஒழுகித் தரைக்கு வரும்.
கட்டிலை ஒரு முழம்
தள்ளிப் போட்டிருந்தாள்.

மூன்றாம் மாடி, நடுவீடு. டோனாட்ஸ்
டிசம்பரில் பனியனோடு கதவைத் திறந்தார்.
பின்னால் ஜன்னல் வேறு திறந்துகிடந்தது.
"எனக்கெதற்கு இது?
பதினைந்து வருடக் கடன்,
எனக்கு வயது எழுபத்திரண்டு,
கணக்கை நீயே போடு."

போட்டேன்.
கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது.
மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம்,
இடமும் வலமும் ஒவ்வொன்று;
அவர்கள் சமைத்தார்கள், துவைத்தார்கள்,
சண்டை போட்டுச் சூடானார்கள்.
இவர் நடுவில் இருந்து குளிர்காய்ந்தார்.
கட்டணமோ சதுர மீட்டருக்கு:
உறைகிறவளுக்கும் வியர்க்கிறவருக்கும்
ஒரே விலை.

அதையும் சொல்லிப் பார்த்தேன்.
"மூலை வீட்டை மலிவாகத்தானே வாங்கினாள்?"

ஒன்பது முறை படியேறினேன்.
கல்லில் நார் உரிக்கிற வேலை.

மறு வருடம் அவருக்கு மேலிருந்த குடும்பம்
காளான் பறிக்க அயர்லாந்து போனது,
போகும்போது ரேடியேட்டரை மூடிவிட்டு.
வலப்பக்கத்து வோல்டெமார்ஸைப்
பெண் வந்து யெல்காவாவுக்கு அழைத்துப்போனாள்.
அங்கும் மூடினார்கள்.
யாரும் தப்பு செய்யவில்லை.
ஆளில்லாத அறைக்கு எவன் காசு கொடுப்பான்?

பிப்ரவரி. மைனஸ் இருபத்தாறு.
டோனாட்ஸ் ஸ்வெட்டர்மேல் கோட்டோடு வந்தார்.
கூரையை விரலால் காட்டினார்: ஈரம்.
"மேலே இருக்கிறவர்கள்..." என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டார்.
நான் திருத்தவில்லை.
தன் வீட்டுக்கும் மூலை முளைக்கும் என்று
அவர் எண்ணியதே இல்லை.

கையெழுத்துப் போட்டார். இருபத்தெட்டாவது.
பாக்கி மூன்றையும் அவரே வாங்கிவந்தார்.
இரண்டாம் வாசலில் பாதிப்பேர்
அவரிடம் சீட்டாட்டக் கடன் பட்டவர்கள் என்பது
பிறகுதான் தெரிந்தது.

மே மாதம் லாரி வந்தது.
பொதி பொதியாய் ஏதோ பழுப்புப் பஞ்சு.
"இது கல்," என்றார் மேஸ்திரி ஐனார்ஸ்.
"எரிமலைப் பாறையை உருக்கிப்
பஞ்சுமிட்டாய் மாதிரி சுற்றி எடுக்கிறார்கள்."
ஒரு பிடி எடுத்துப் பிரித்தேன்.
இழை இழையாக வந்தது.
நின்ற இடத்திலேயே சிரித்தேன்.
ஐனார்ஸ் கையுறையை நீட்டினார், "அரிக்கும்."
மூன்று நாள் அரித்தது.

கோடை முழுக்கப் புழுதி.
ஜன்னலெல்லாம் பாலித்தீன்,
நண்பகலும் மங்கல்.
போன கூட்டங்களுக்கு வராதவர்களெல்லாம்
பெயின்ட் நிறம் பேச வந்தார்கள்.
பிஸ்தாப் பச்சை வென்றது.
அதைத் தேர்ந்தெடுத்தது யாரென்று
இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

போன ஜனவரியில் என் பில் நூற்றுநாற்பது யூரோ.
இந்த ஜனவரியில் எழுபத்தொன்று,
அதன்மேல் தவணை நாற்பத்தாறு.
மிச்சம் இருபத்துமூன்று.
பணமாகப் பார்த்தால் இவ்வளவுதான்.

ரசீது கொடுக்க ஐந்தாம் மாடி ஏறினேன்.
கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது.
மோனிகா முதுகைச் சுவரில் சாய்த்து
உட்கார்ந்து பேசினாள்,
தான் சாய்ந்திருப்பது தெரியாமலே.

ராய்விஸுக்குத்தான் என்மேல் கோபம்.
பெயர் எழுதப் பனி இல்லையாம்.
சமாதானத்துக்கு என் பேனாவைக் கொடுத்தேன்,
கையெழுத்து வாங்கிய அதே பேனா.
"சுவரில் வேண்டாம்!" என்று அவள் கத்தும்போது
முதல் எழுத்தை முடித்திருந்தான்.