நாழிகைக்கு இரண்டு பகல்

கூனபராபரன்.
தமிழ்க் காதுக்கு
கூன் விழுந்த கடவுளின் பெயர்.
இந்த மண்ணின் மொழியில் வேறேதோ பொருள்;
எட்டு வருடமாகியும்
யாரிடமும் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊருக்கு மேற்கே மலை,
மலைமேல் குவிமாடம்,
உள்ளே ஜனவரிப் பகலின் மிச்ச வெக்கையில்
நானும் ஒரு பொட்டலம் உப்புக்கடலையும்.

செவ்வாய் இரவு அது வந்தது.
நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்க
ஒரு புள்ளி மட்டும்
நான்கு படங்களில் நான்கு இடம்.

கரியென்றால் முப்பது மீட்டர்.
சுண்ணாம்பென்றால் பன்னிரண்டு.
நிறம் தெரியாதவரை அளவும் தெரியாது.
கைக்கு வந்தது கொஞ்சம் ஒளி;
அதில் உடம்பின் பங்கு எவ்வளவு,
தோலின் பங்கு எவ்வளவு?

புதன் இரவு
வெளிச்சம் ஏறி இறங்குவதைக் குறித்தேன்.
பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு சுற்று.
நாழிகைக்கு இரண்டு பகல்.
நான் தேநீரை ஆற்றிக் குடிப்பதற்குள்
அங்கே விடிந்து, உச்சியாகி, அடைந்துவிடுகிறது.

வியாழன், டெஸ்மண்டும் நானும் பாதை வரைந்தோம்.
பெட்ரோல் கடையில் பெவர்லி கேட்டாள்:
“மோதுமா?”
மோதாது. பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போகிறது.
“அப்புறம் எதுக்கு ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கிறே?”
மீதிச் சில்லறையை
இரண்டாம் முறை எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை வடக்கே
பில்லிகாக் காட்டில் தீ.
ஆடியில் சாம்பல் படியுமென்று
குவிமாடத்தை மூடச் சொன்னார்கள்.
ஐந்து இரவு புகை.
ஆறாம் இரவு முழு நிலா.

அதற்குள் ஐயம் வளர்ந்துவிட்டது.
மூன்று இரவுக் கணக்கை நீட்டினால்
மறுநாள் அது நிற்கும் இடம் ஒரு நகக்கண்.
மாதம் கழித்து ஒரு முழம்.
ஓராண்டில்
வானத்துக்குக் குறுக்கே ஒரு கொடிக்கயிறு,
அதில் எங்கோ ஒரேயொரு துணிக்கவ்வி.

‘தொலைந்தது’ என்று பதிவேட்டில் எழுதுவது வழக்கம்.
எழுதினேன்.
அது எங்கும் தொலையவில்லை.
விடிந்து, அடைந்து, விடிந்து
தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது.
தொலைத்தவள் நான்.

இருபத்தொன்பது வருடத்தில் திரும்பலாம்.
கணக்கு அப்படிச் சொல்கிறது,
கணக்குக்கே அதில் நம்பிக்கை குறைவு.
யாரோ புதிதாய்க் கண்டு
புதிய எண் வைப்பார்கள்.
பிறகு பின்னோக்கிப் பின்னோக்கிக் கணித்து
ஒருவேளை
என் செவ்வாய்க்கிழமைக்கு வந்து சேர்வார்கள்.

வரட்டும்.
நான்கு புள்ளிகள் வைத்திருக்கிறேன்.
மூன்றாவதன்மேல் மட்டும் கொஞ்சம் சந்தேகம்,
பழுதான பிக்சலாகவும் இருக்கலாம்.
குறிப்பில்
அதையும் எழுதியிருக்கிறேன்.