ஏழாம் கேள்வி

மார்கழி பதினொன்று.
நாங்குநேரிக்குத் தெற்கே
சாலை அகலப்போகும் தடத்தில்
மரம் எண்ணுகிறோம், நானும் எபனேசரும்.
அவர் வெள்ளைப் பெயிண்டால்
அடிமரத்தில் எண் போடுவார்.
நான் படிவத்தில்.

ஏழாம் கேள்வி:
குளிர்காலத்தில் இலை உதிர்க்குமா?
ஆம், இல்லை. ஒன்றை மட்டும் டிக் செய்க.

எந்த ஊர்க் குளிரை நினைத்து அச்சடித்தார்களோ.
இங்கே குளிர் என்பது
டீக்கடை பெஞ்சு ஈரமாயிருப்பது,
முதல் பஸ் கண்டக்டரின் மஃப்ளர்,
எட்டு மணிக்கெல்லாம் சொல்லாமல் கிளம்பிவிடும் விருந்தாளி.
குளம் நிறைந்து மறுகால் பாய்கிறது.
பிசானப் பயிர் முழங்கால் உயரம்.
எருக்குகூடக் கொழுத்து நிற்கிற மாதத்தில்
எது உதிர்க்கும்?

வேம்பு, இல்லை.
அரசு, இல்லை.
பூவரசு, புங்கு, உடை, இல்லை இல்லை இல்லை.
நூற்று நாற்பதுக்கும் ஒரே பதில் போட்டு
மாலை நாலு மணிக்குள்
நாங்குநேரியை மாறாப் பசுமைக் காடாக்கியவள் நான்.

பங்குனியில் திருப்பி அனுப்பினார்கள்.
மறுபடி பார்த்து எழுதவும்.

அறுப்பு முடிந்த வயலில் தாள் குத்துகிறது.
காற்றாலைகள் ஆனியை நினைத்துக்கொண்டு சும்மா நிற்கின்றன.
முப்பத்தெட்டாம் எண் வேம்பு
நான் எழுதிய பொய்யைத் தூரிலே கொட்டிவைத்திருந்தது.
அரசு மொட்டையடித்து
முனைகளில் மட்டும் செம்பு.

பச்சையாய் நின்றவை கொஞ்சம்தான்.
மதிலை ஒட்டிய புன்னை.
ஓடைக்கரை நாவல்.
சரளை மேட்டில் பிசுபிசுத்த இலையோடு விராலிப் புதர்கள்.
உவர் மண்ணில், ஒருக்களித்துப் படுத்தாற்போல், ஓர் உகாய்.

ஆட்டோடு வந்த முப்பிடாதிக்கு என் வயசுதான் இருக்கும்.
“விராலிய ஆடு மோந்து பாத்துட்டுப் போயிரும் மேடம்.
கசக்குதுல்லா.
கசக்கலன்னா இன்னேரம் வெறுங்குச்சிதான்.”
கசப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

எபனேசரைப் பற்றிச் சொல்லவில்லையே.
ஐப்பசியில் அவர் மனைவி இறந்தாள்.
பத்தாம் நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார்.
பெயிண்ட் டப்பா, பிரஷ்,
“வாங்க மேடம், வெயிலுக்கு முந்தி முடிச்சிருவோம்.”
ஆளு கல்லு என்றார்கள் ஆபீசில்.
நானும் மனசுக்குள் ஒரு டிக் போட்டேன்.

உகாய் நிழலில்
சாப்பாட்டைப் பிரிக்க உட்கார்ந்தபோது
கைக்குக் கீழே மெத்தென்றது.
இலை.
நேற்றையது மஞ்சள், போன மாதத்தது பழுப்பு,
அதற்கடியில் நரம்பு மட்டும்,
அதற்கும் அடியில்
இலையா மண்ணா, விரலுக்குப் பிடிபடவில்லை.
அண்ணாந்தேன்.
ஒன்றுகூடக் குறைந்ததாகச் சொல்லாத பச்சை.

கார்த்திகை வரை
எபனேசர் அடுக்குத் தூக்கு கொண்டுவந்தார்.
தையில் ஓட்டல் பொட்டலம்.
மாசியில் எப்போதோ
ஜீப்பில் விசிலடிப்பது நின்றது.
இன்று ஒரு பன், ஒரு பாட்டில் தண்ணீர்.
மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம்
வெளுத்துக் கிடந்தது.
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தயிர்ச்சோற்றில் பாதியைத் தள்ளி வைத்தேன்.
வேண்டாம் என்றார்.
கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார்.
பிறகு, “ஊறுகாய் இருக்கா மேடம்?”

எண் நூற்றுப் பன்னிரண்டு, உகாய்.
ஏழாம் கேள்வியில்
இரண்டு கட்டத்திலும் டிக் போட்டேன்.
இந்த முறையும் திரும்பி வரும்.
வரட்டும்.