நூறு வாட்

களுவாஞ்சிக்குடிக் கடையெல்லாம் ஏறி இறங்கினேன்.
"மஞ்சள் பல்பா? இப்ப வாறதில்லையண்ணே"
என்று பொடியன் ஒன்பது வாட்டை நீட்டினான்.
நூறுக்குச் சமன் என்று பெட்டியில் போட்டிருந்தது.
வெளிச்சத்தில் சமன்.
மற்றதைப் பற்றிப் பெட்டியில் ஒன்றுமில்லை.

எங்கள் முன்னறையில் அறுபது குஞ்சு.
கதிரைகளைச் சுவரோடு தள்ளி
தகரத்தை வட்டமாய் வளைத்து
உமி பரப்பி
ரீவிக்கும் சாமிப்படத்துக்கும் நடுவில் விட்டிருக்கிறோம்.
வெளியே கோழிக்கூட்டுக்குள்
இன்னும் கணுக்கால் வெள்ளம்.
ஓட்டிடுக்கால் மார்கழி வாடை
ஆரையும் கேட்காமல் உள்ளே வந்து போகிறது.

அன்றிரவு முன்னறை
கல்யாண வீடுபோல வெளித்துக் கிடந்தது.
குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றேறி
மூலையில் ஒரு குவியலாயின.
விடிய, அடியில் ஏழு, தட்டையாய்.

பல்பின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
இரவு முழுக்க எரிந்தது,
காய்ச்சல் விட்ட பிள்ளைபோல இருந்தது.

சுபோதினி ஒன்றும் பேசவில்லை.
பின்வளவில் கிடந்த பழம்பானைகளை எடுத்து
ஆணியால் சுற்றிவர ஓட்டை போட்டாள்.
இரண்டு பானை உடைந்தது.
மூன்றாவது பொறுத்தது.
கீழே செங்கல், உள்ளே சிரட்டைக்கரி,
மேலே ஒரு பிடி சாம்பல்.

பல்புக்கு இருந்தது ஒரு சுவிட்ச்.
கரிக்கு நேரத்துக்கொரு குணம்.
முதல் மணித்தியாலம் முழுக்கக் கோபம்.
மறுகா நல்ல மனிசன்.
மறுகா,
நாம் கண்ணயரும் நேரம் பார்த்து
சொல்லாமல் போய்விடும்.

கிட்ட வைத்தேன்:
குஞ்செல்லாம் வாயைப் பிளந்துகொண்டு தகரத்தோடு ஒட்டின.
தள்ளி வைத்தேன்: மறுபடி குவியல்.
ஒரு சாண். ஒன்றரைச் சாண்.
சாம்பலை விலக்கினேன், மூடினேன், விலக்கினேன்.
மூன்றாம் இரவு
தட்டில் இடியப்பம் பிழிந்தமாதிரிப்
பானையைச் சுற்றி வட்டமாய்ப் படுத்தன.
எழுப்பிவிடாமல்
அந்தத் தூரத்தை உமியில் விரலால் கீறி வைத்தேன்.

யன்னலில் ஒரு கதவு திறந்தே கிடக்கவேணும்
என்று மிருக வைத்தியர் மூன்றுதரம் சொன்னார்.
கரிக்காற்று மணக்காமலே ஆளை முடிக்குமாம்.
சூட்டுக்கு நெருப்பை வைத்துவிட்டு
வாடைக்கு யன்னலைத் திறந்துவிடுவது
எனக்குப் பிடிபட இரண்டு நாள் எடுத்தது.
காசைக் கரியாக்கிறாய் என்றான் மச்சான் ஞானசூரியம்.
ஓம், கரியைத் திருப்பிக் காசாக்கலாமா என்றுதான் பார்க்கிறேன்.

மகள் மட்டும் புதுப் பல்பின் பக்கம்.
சாதாரணதரச் சோதினை. அவளுக்கு வெளிச்சம் வேணும்.
விஞ்ஞானப் புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.
"பழைய பல்ப் பல்பே இல்லை அப்பா,
தவறுதலா வெளிச்சமும் தந்த அடுப்பு.
நூறில தொண்ணூற்றஞ்சு வீண்."
வீண் என்பதற்குக் கீழே
அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்திருந்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் சப்பாத்து, ரியூசன் காசு,
இந்தப் புத்தகத்தின் மட்டை உட்பட
பதினொரு வருஷம்
அந்த வீணின் கீழேதான் செட்டை முளைத்தது.

இரண்டரைக்கு மணி அடிக்கும்.
எழும்பினதும் கை தானாய்ச் சுவரைத் தடவும்.
சட்டென்று வெளிச்சம்.
ஐம்பத்துமூன்றும் கண்ணைச் சுருக்கி,
என்னத்துக்கு இப்ப, என்று பார்க்கும்.

நூர்த்துவிட்டு
இருட்டில் பானையடியில் குந்துகிறேன்.
ஊதக்கூடாது, சாம்பல் பறக்கும்.
எத்தனை ஓட்டையில் சிவப்புத் தெரியுது என்று
எண்ணத்தான் வேணும்.

ஒன்பது.

இன்னும் இரண்டு சிரட்டைக்கரி போடலாம்.
நாலரை மட்டும் காணும்.