அயல்பொருள்

கொங்கணாபுரம், சனிக்கிழமை ஏலம்.
டி.சி.எச். ரகம், எழுபத்தொன்றாம் எண், நாலு மூட்டை.
சாக்கின் வாய்க்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்தேன்.
வெதுவெதுப்பாக இருந்தது.
டெம்போவில் அதன்மேல்தான் உட்கார்ந்து வந்திருப்பாள்.

"என்ன வெல போடுவீங்க?"
"சீட்டுல எழுதுவேன்மா."
சாக்கில் நீல மையில் பாவாயி,
கால் மட்டும் கசிந்து.

போன வாரத்தைவிட நானூறு குறைத்து எழுதினேன்.
காலையிலேயே மில்லிலிருந்து போன்:
தூத்துக்குடியில் இரண்டு கண்டெய்னர் இறங்கியாச்சு,
ஒன்பது கடலில்.
இறக்குமதி வரியை எடுத்துட்டாங்க, கையைச் சுருக்குங்க.
சுருக்கினேன்.
நாடு முழுக்கப் பஞ்சு பற்றாக்குறை என்கிறது அட்டவணை.
பேல்களை லட்சத்தில் எண்ணுகிற அந்தத் தாளில்
நாலு மூட்டை
எந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும்
தெரியவில்லை.

திங்கட்கிழமை, மில் ஆய்வகம்.
வெளியே பொன்னுருகும் புரட்டாசி வெயில்.
உள்ளே, ஏற்காட்டில் ஒரு துண்டு வெட்டி வைத்தது போல
பஞ்சுக்காகக் குளிர்கிற அறை.
கறுப்பு வெல்வெட்டில் இரண்டையும் சீவிக் கிடத்தினேன்.
கப்பலில் வந்தது, முப்பத்தைந்து மில்லிமீட்டர்.
பாவாயியுடையது
அளவுகோலை மறுபடி வைத்துப் பார்த்தேன்
முப்பத்தைந்து. ஒரு மயிரிழை கூடவே.

அடுத்த கட்டம்: அயல்பொருள்.
கப்பல் பஞ்சு: இல்லை.
இயந்திரம் பறித்து, இயந்திரம் அமுக்கி,
நாற்பது நாள் கடலில் கிடந்து
இதைத் தொட்ட முதல் விரல் என்னுடையதுதான்.

கொங்கணாபுரம்: உண்டு. விவரம் எழுதுக.
சாக்குச் சணல், மூன்று.
ரோஸ் நிற நூல், மடிகட்டிய சேலையாக இருக்கலாம்.
பூக்கட்டும் நார்.
தலைமயிர் ஒன்று, பதினெட்டு அங்குலம்,
முக்கால்வாசி சாயம், வேரருகே வெள்ளை.

இடுக்கியில் அது வளைந்து ஆடியது.
ஒரே ஒரு மயிர் போதும்,
வெள்ளைத் துணியில் கோடு விழும்,
வாங்கியவன் பெட்டியோடு திருப்பி அனுப்புவான்.
இது சாக்கு இல்லை, நிஜம்.
கழிவு: கிலோவுக்கு மூன்று ரூபாய்.
கையெழுத்துப் போட்டேன்.
மயிரை எங்கே போடுவதென்று
சற்று நேரம் தெரியாமல் நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை நானே போய்ச் சொன்னேன்:
"பறிக்கையில தலைக்குத் துண்டு கட்டிக்கங்க, முடி விழுது."

பாவாயி என் தலையைப் பார்த்தாள்.
நெற்றி உச்சிவரைக்கும் ஏறிப்போன தலை.

"துண்டு மட்டும் நூல் விடாதுங்களா?"

பெட்டியை மூடப்போவதாக மைக்கில் சொன்னார்கள்.
கையிலிருந்த சீட்டில்
எண்ணை மட்டும்தான் எழுதியிருந்தேன்.